ஹோட்டல் கட்டடத்தில் வீடு வாங்கலாமா? நியூயோர்க் பிளாசாவை வைத்து ஒரு பதில்

கேள்வி இது. யாழ்ப்பாண நகருக்குள் பழைய ஹோட்டல் ஒன்றைத் திருத்தி, மேலே இன்னும் மாடிகள் எழுப்பி, கீழே ஹோட்டலாக நடத்திக்கொண்டு மேல் மாடிகளைச் சொந்த வீடுகளாக விற்கப் போவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். "நியூயோர்க் பிளாசா ஹோட்டல் மாதிரி" என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார். ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா, கனேடியக் குடியுரிமை எடுத்தவர், அதில் ஒன்றை வாங்க ஆசைப்படுகிறார். ஹோட்டலுக்குள் ஒருவருக்கு எப்படி வீடு சொந்தமாகும், அதை நம்பி வாங்கலாமா என்று தம்பி கேட்டிருக்கிறீர்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், எழுதி முடிக்கும் நொத்தாரிசு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகக் காணி பார்த்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. ஹோட்டல் வீடுகள் எப்படி நடக்கின்றன என்பதைப் பல காலமாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: சொந்தமாகும். உலகத்தின் பெயர்பெற்ற பழைய ஹோட்டல்கள் சிலவற்றில் ஆட்கள் உறுதியோடு வீடு வைத்திருக்கிறார்கள். ஆனால் வாங்க வருகிறவர் அறையையும் வரவேற்பு மண்டபத்தையும் பார்த்து மயங்குகிறார். அவர் பார்க்க வேண்டியது ஹோட்டல்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான். மாதச் செலவை யார் தீர்மானிப்பது? ஹோட்டல் கைமாறினால் அல்லது மூடினால் வீட்டுக்காரர் கையில் என்ன இருக்கும்? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லாத இடத்தில் ஒரு ரூபாய்கூடப் போடக்கூடாது என்பது என் கருத்து.

தரகர் பிளாசாவை இழுத்ததால் அங்கிருந்தே தொடங்குவோம்.

பிளாசா 1907 ஒக்டோபர் 1ஆம் திகதி திறந்தது. ஐந்தாம் அவெனியூ சென்ட்ரல் பார்க்கைத் தொடும் மூலையில், அதே பெயரில் இருந்த பழைய ஹோட்டலை இடித்துவிட்டு, ஹென்றி ஹார்டன்பர்க் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. ஹோட்டல் என்றால் இரண்டு மூன்று நாள் தங்கிப் போகும் இடம் என்று நாங்கள் நினைக்கிறோம். அந்தக் காலத்து நியூயோர்க்கில் அப்படியில்லை. பெரிய வீடு வைத்து, வேலையாட்களை வைத்து மேய்க்க விரும்பாத பணக்காரர்கள் ஹோட்டலிலேயே குடும்பத்தோடு வருடக்கணக்கில் குடியிருந்தார்கள். பிளாசா திறந்தபோது அதன் அறைகளில் பெரும்பகுதி இப்படி நிரந்தரமாக இருக்க வந்தவர்களுக்கே போனது. பதிவேட்டில் முதலாவதாகக் கையெழுத்திட்டவர் வாண்டர்பில்ட் குடும்பத்து ஆல்பிரட். பின்னாளில் பிராங்க் லொயிட் ரைட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், குகன்ஹைம் அருங்காட்சியகத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1954 முதல் 1959 வரை பிளாசாவில்தான் இருந்தார்.

இவர்கள் எல்லோரும் வாடகைக்கு இருந்தவர்கள். கட்டடம் வேறு ஒருவருடையது. அந்த "வேறு ஒருவர்" மாறிக்கொண்டே இருந்தார். 1943இல் கொன்ராட் ஹில்டன் வாங்கினார். 1988இல் டொனால்ட் ட்ரம்ப் 400 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கி, கடன் சுமையில் 1992இல் வங்குரோத்து நடைமுறைக்குள் போக நேர்ந்தது. 1995இல் சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலாலும் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றும் சேர்ந்து எடுத்தார்கள். 2004இல் எலாட் என்ற நிறுவனம் 675 மில்லியன் டொலருக்கு வாங்கியது. சொந்த வீடுகள் என்ற கதை இங்கேதான் தொடங்குகிறது.

எலாட்டின் கணக்கு விளங்கக்கூடியதுதான். ஹோட்டல் அறையை இரவுக்கு இரவு வாடகைக்கு விட்டு அந்தப் பெரிய தொகையைத் திருப்பி எடுக்க நீண்ட காலம் பிடிக்கும். அதே இடத்தை வீடாக வெட்டி விற்றால் பணம் உடனே வரும். சுமார் 800 அறைகள் இருந்த ஹோட்டலைப் பெரும்பாலும் வீடுகளாக்கத் திட்டம் போட்டார்கள். ஹோட்டல் தொழிலாளர் சங்கம் எழுந்தது. பல நூறு பேரின் வேலை போகும், நகரத்தின் அடையாளமான இடம் பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிடும் என்று பெரிய பிரச்சாரம் நடந்தது. மாநகர முதல்வர் நடுவில் நின்று பேசி, முதலில் நினைத்ததைவிடக் கூடுதலான ஹோட்டல் அறைகளை வைத்திருக்க எலாட் இணங்கியது. வெளித்தோற்றம் 1969இலேயே நகரத்தின் பாதுகாப்புச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2005இல் பாம் கோர்ட், ஓக் அறை, பெரிய நடன மண்டபம் போன்ற உள் மண்டபங்களும் அந்தப் பாதுகாப்புக்குள் வந்தன. அந்தச் சங்கத்துக்கும் நகர நிர்வாகத்துக்கும் என் மனதில் பெரிய மதிப்பு உண்டு. அவர்கள் நிற்காவிட்டால், இன்று பிளாசா என்ற பெயரோடு வெறும் பணக்காரக் குடியிருப்பு ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

2005 ஏப்ரல் கடைசியில் மூடிய ஹோட்டல் 2008 மார்ச்சில் திறந்தது. அப்போது கட்டடம் சட்டப்படி துண்டுகளாகியிருந்தது. இதைக் கவனமாக வாசியுங்கள் தம்பி. முதல் துண்டு, சுமார் 180 தனியார் வீடுகள். இவற்றுக்குச் சென்ட்ரல் பார்க் பக்கம் தனி வாசலும் தனி முகவரியும் உண்டு. பூங்காவைப் பார்க்கும் நல்ல பக்கத்தின் பெரும்பகுதியும் இவற்றுக்கே போனது. அடுத்தது 282 ஹோட்டல் அறைகள். அந்த 282இல் 130தான் முழுமையாக ஹோட்டலுக்குச் சொந்தம். மீதி 152ஐத் தனி ஆட்களுக்கு விற்றார்கள். அப்படி வாங்கியவர் ஆண்டில் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் அதில் தங்கலாம். மற்ற நாட்களில் ஹோட்டல் அதை விருந்தினருக்கு வாடகைக்கு விட்டு வருமானத்தில் பங்கு கொடுக்கும். இவை போகக் கடைகளும் மண்டபங்களும் வேறு துண்டு.

ஆக, "பிளாசாவில் வீடு" என்று ஒருவர் சொன்னால், அவர் வருடம் முழுவதும் குடியிருக்கும் வீட்டுக்காரராகவும் இருக்கலாம், கட்டுப்பாட்டோடு வந்து போகும் ஹோட்டல் அறைக்காரராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் உறுதி உண்டு. ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் தரகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: சித்தப்பாவுக்கு விற்பது எது?

வீடு விற்ற பிறகும் ஹோட்டல் துண்டு கைமாறிக்கொண்டே இருந்தது. 2012இல் இந்தியாவின் சகாரா குழுமம் பெரும்பங்கை வாங்கியது. அதன் தலைவர் சுப்ரதா ராய் 2014இல் முதலீட்டாளர் பணம் தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் திகார் சிறைக்குப் போனார். அவரை வெளியே எடுக்கப் பணம் திரட்டுவதற்காக ஹோட்டலை விற்கும் பேச்சு வருடக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் 2018இல் கட்டாரின் கட்டாரா நிறுவனம் சுமார் 600 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இத்தனைக்கும் நடுவில் மேலே வீடு வைத்திருந்தவர்களின் உறுதிக்கு ஒன்றும் நடக்கவில்லை. தனி உறுதியின் பலம் அது. ஆனால் அவர்கள் காசு கொடுத்தது உறுதிக்கு மட்டுமா? கீழே இருக்கும் ஹோட்டலின் பெயருக்கும் பணிவிடைக்கும் சேர்த்துத்தானே. அந்த ஹோட்டலை யார் வைத்திருப்பது, எப்படி நடத்துவது என்பதில் அவர்களுக்குச் சொல் இல்லை. கோவிட் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய ஹோட்டல் 2021 மே மாதம்தான் மறுபடி திறந்தது. உறுதி பத்திரமாக இருந்தது, கீழே விளக்கு எரியவில்லை.

இன்னொரு சம்பவமும் பிளாசாவில் நடந்தது. மேல்மாடி வீடுகளை 50 மில்லியன் டொலருக்கு மேல் விலை பேசிய ஒருவர், கட்டி முடித்துப் பார்த்தபோது வரைபடத்தில் காட்டியது மாதிரி இல்லை, ஜன்னல் சின்னது, உயரம் போதாது என்று 2008இல் வழக்குப் போட்டார். பிறகு இரு தரப்பும் இணங்கி முடித்துக்கொண்டார்கள். அவ்வளவு பணமும் சட்டத்தரணிகளும் உள்ளவருக்கே கட்டி முடிக்காததைக் காகிதத்தில் பார்த்து வாங்குவதில் அந்த நிலை.

இப்போது பிளாசாவை விட்டு, அதே தெருவில் கொஞ்சம் வடக்கே போனால் பியர் ஹோட்டல் வரும். 1930இல் திறந்தது. பின்னர் போல் கெட்டி (Paul Getty) என்ற எண்ணெய் வியாபாரி வாங்கி வைத்திருந்து, 1959இல் குடியிருப்பாளர்களுக்கே விற்றார். பியர் வீட்டுக்காரரிடம் நாங்கள் நினைக்கிற மாதிரித் தனி உறுதி கிடையாது. கட்டடம் முழுவதும் ஒரு கம்பனிக்குச் சொந்தம். வீட்டுக்காரர்கள் அந்தக் கம்பனியின் பங்குதாரர்கள். பங்கு வைத்திருப்பவருக்கு இன்ன வீட்டில் குடியிருக்கும் நீண்டகாலக் குத்தகை கிடைக்கும். பக்கத்தில் 1927இல் கட்டிய ஷெரி நெதர்லாந்தும் 1950களிலிருந்து இதே முறைதான்.

இந்த முறையில் அதிகாரம் தலைகீழாகிறது. பியரில் குடியிருப்பாளர்களின் கம்பனிதான் எசமான். ஹோட்டலை நடத்துபவர் அவர்களிடம் இடம் எடுத்து நடத்துகிறார். நீண்டகாலம் ஃபோர் சீசன்ஸ் நடத்தியது. 2005இல் அது விலக, இந்தியாவின் தாஜ் குழுமம் வந்து சுமார் 100 மில்லியன் டொலர் செலவில் திருத்தம் செய்தது. யாரை ஹோட்டல் நடத்த விடுவது என்று வீட்டுக்காரர்கள் இருந்து பேசித் தீர்மானிக்க முடிந்தது. பிளாசாக்காரருக்கு இது இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. பங்கை விற்கப் போனால் வாங்குகிறவரை நிர்வாக சபை ஏற்க வேண்டும். காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு முடியும். வங்கிக் கடனில் வாங்குவதை மறுக்கும் கட்டடங்களும் உண்டு. அவசரத்துக்கு விற்றுக் காசாக்க நினைப்பவருக்கு இது பெரிய தலையிடி.

என்னைக் கேட்டால், குடியிருக்கப் போகிறவருக்குப் பியர் முறை நல்லது. தூரத்தில் இருந்துகொண்டு எப்போதாவது விற்க நினைப்பவருக்குத் தனி உறுதி நல்லது. உங்கள் சித்தப்பா இரண்டாவது வகை.

"வருமானம் நிச்சயம்" என்ற வாக்குறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹோட்டல் அறையைச் சொந்தமாக விற்பவர்கள் எல்லா நாட்டிலும் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள்: நீங்கள் வாங்குங்கள், நாங்கள் வாடகைக்கு விடுகிறோம், வருடத்துக்கு இத்தனை வீதம் கையில் தருகிறோம். அமெரிக்காவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழு 1973இலேயே இதற்கு ஓர் அறிவித்தல் விட்டது. வீட்டைக் காட்டி, விற்பவரே நடத்தித் தரும் வாடகை வருமானத்தை முன்னிறுத்தி விற்றால், அதை வீட்டு விற்பனையாகப் பார்க்க முடியாது, கம்பனிப் பங்கு விற்பது போன்ற முதலீட்டு விற்பனையாகவே பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குரிய பதிவும் கணக்கு வெளிப்படுத்தலும் தேவை என்றும் சொன்னார்கள். அந்தத் தர்க்கம் எந்த ஊருக்கும் பொருந்தும். ஹோட்டல் நிரம்பினால்தான் வாடகை வரும். யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா, தைப்பொங்கல், வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறை என்றால் அறை கிடைப்பது கஷ்டம். மற்ற மாதங்களில் நிலைமை வேறு. முதல் இரண்டு வருடம் "நிச்சய வருமானம்" என்று தருவது பல இடங்களில் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த விலையிலிருந்தே திரும்பி வருகிற காசு. அந்த வருமானத்துக்கு உத்தரவாதம் கொடுப்பது யார், அவர் கையில் என்ன சொத்து இருக்கிறது என்று பாருங்கள்.

கட்டி முடிக்காததை வாங்குவதன் ஆபத்துக்கு இன்னும் பெரிய உதாரணம் வோல்டோர்ஃப் அஸ்டோரியா. 1931இல் இன்றைய இடத்தில் திறந்த ஹோட்டல் அது. முன்னாள் ஜனாதிபதி ஹூவர் கடைசிக் காலம் வரை அதன் கோபுரப் பகுதியில்தான் வாழ்ந்தார். சீனாவின் அன்பாங் நிறுவனம் 1.95 பில்லியன் டொலருக்கு வாங்கி, வீடும் ஹோட்டலுமாக மாற்ற 2017இல் மூடியது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தைச் சீன அரசு பொறுப்பெடுத்தது, தலைவர் சிறைக்குப் போனார். வீடு விற்பனை 2020இல் தொடங்கியது. ஹோட்டல் மறுபடி திறந்தது 2025இல். நியூயோர்க்கில், அவ்வளவு பணபலத்தோடு, எட்டு வருடம்.

சரி, மாதக் கட்டணத்துக்கு வருவோம். ஹோட்டல் வீட்டில் சிக்கல் எங்கே வருகிறது என்று என்னிடம் கேட்டால், விலையில் இல்லை, இங்கேதான் என்பேன். வாசலில் நிற்கும் காவலாளி, லிப்ட், மின்பிறப்பாக்கி, நீச்சல் குளம், கூரைத் திருத்தம், வரவேற்பு மேசை, காப்புறுதி எல்லாவற்றையும் பங்கிட வேண்டும். சாதாரணத் தொடர்மாடியில் பங்கிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே வகை ஆட்கள், எல்லோரும் குடியிருப்பாளர்கள். ஹோட்டல் கட்டடத்தில் ஒரு பெரிய பங்காளியான ஹோட்டல்காரருக்கு வேறு தேவை. அவருக்கு வரவேற்பு மண்டபம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக மினுங்க வேண்டும். உங்களுக்குக் கூரை ஒழுகாமல் இருந்தால் போதும். குளத்தில் குளிப்பது விருந்தினர், செலவில் பங்கு உங்களுக்கும். மண்டபத்தில் கலியாணம் நடந்தால் வருமானம் அவருக்கு, சத்தம் உங்களுக்கு. எந்தச் செலவு ஹோட்டலுக்கு மட்டும், எது வீடுகளுக்கு மட்டும், எது பொது என்று வரிக்கு வரி பிரித்து எழுதியிருக்க வேண்டும். எழுதாத இடத்தில் பெரிய பங்காளி தன் பக்கம் இழுப்பார், அது எந்த நாட்டிலும் நடப்பது.

எங்கள் ஊரில் இந்த அறிவு புதிதில்லை. பங்குக் கிணறு வைத்திருந்த சனம் நாங்கள். தோட்டம் தனித்தனி, கிணறு பொது. உறுதியில் காணியோடு சேர்த்துக் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதுவோம். யார் எந்த நாள் இறைப்பது, தூர் வாரும் செலவு யாருக்கு எவ்வளவு என்று முறை இருக்கும். அந்த முறை தெளிவாக இருந்த கிணறுகளில் சண்டை வரவில்லை. ஒருவர் மட்டும் பெரிய இயந்திரம் பூட்டி இறைக்கத் தொடங்கிய இடங்களில் வழக்கு வந்தது. ஹோட்டல் கட்டடத்தில் ஹோட்டல்காரர்தான் அந்தப் பெரிய இயந்திரக்காரர்.

இனி எங்கள் சட்டம். இலங்கையில் மாடி வீட்டைத் தனி உறுதியில் விற்க வழி செய்தது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டுச் சொத்துடைமைச் சட்டம். பின்னர் சில தடவை திருத்தினார்கள், 2003இல் செய்த திருத்தம் முக்கியமானது. இதன்படி நில அளவையாளர் கட்டடத்தை அளந்து, ஒவ்வொரு வீட்டையும் தனி அலகாகக் காட்டும் கூட்டாதன வரைபடம் கீறுவார். அது காணிப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். பதிவானதும் ஒவ்வொரு அலகுக்கும் தனிப் பக்கம் திறக்கும். நிலம், படிக்கட்டு, கூரை, லிப்ட் போன்ற பொது உறுப்புகளில் உங்கள் அலகுக்கு ஒரு பிரிபடாத பங்கு வரும். அலகை விட்டு அந்தப் பங்கைப் பிரித்து விற்க முடியாது. ஒவ்வொரு அலகுக்கும் ஒரு பங்கு மதிப்பு குறிப்பார்கள். எவ்வளவு செலவு கட்டுவது, கூட்டத்தில் எவ்வளவு வாக்கு என்பதெல்லாம் அந்த எண்ணில் தொங்குகிறது. உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம்தான் கட்டடத்தைப் பார்க்கும். மேலே கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது.

ஆக எங்கள் சட்டம் பிளாசா முறைக்குக் கிட்ட நிற்கிறது. இங்கே நான் முதலில் பார்ப்பது பங்கு மதிப்புப் பட்டியல். ஹோட்டல் பகுதியை முழுவதும் ஒரே உரிமையாளர் வைத்திருந்து, அதற்குப் பங்கு மதிப்பு பாதிக்கு மேல் இருந்தால், எந்தக் கூட்டத்திலும் அவர் சொன்னதுதான் நடக்கும். வீட்டுக்காரர் எல்லோரும் ஒன்றாகக் கை தூக்கினாலும் தோற்பார்கள்.

கட்டி முடித்து வரைபடம் பதிவாகும்வரை பொதுவாக உங்கள் கையில் இருக்கப் போவது விற்பனை உடன்படிக்கைதான். வோல்டோர்ஃப் கதையை அதற்காகத்தான் சொன்னேன்.

அப்புறம், பழைய கட்டடம் என்பதால் யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல். இதில்தான் என் கவலை கூட. நகருக்குள் இருக்கும் பழைய வளவுகள் பல, தாத்தா பேரில் ஒரே உறுதியாக இருந்து, பிறகு பிள்ளைகளுக்கு முதுசமாகப் பிரிபடாமல் இறங்கியவை. ஒரு பங்கு சிட்னியில், ஒரு பங்கு பாரிசில், ஒருவர் இறந்துவிட்டார், அவருடைய பிள்ளைகளுக்குத் தங்களுக்குப் பங்கு இருப்பதே தெரியாது. ஹோட்டலை நடத்துபவர் ஊரில் இருக்கும் ஒரு பங்காளியாக மட்டும் இருப்பார். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947இன் முன்வாங்கு உரிமைக் கட்டளைச் சட்டம் அதை இன்றும் காக்கிறது. வடக்கில் இருக்கும் காணியோடு வருகிற உரிமை அது. முறைப்படி அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால், பங்காளர் நீதிமன்றம் போய் அந்த விற்பனையைத் தன் பக்கம் திருப்பக் கேட்க முடியும். அடியில் நிலத்தின் உரித்தில் ஓட்டை இருந்தால், மேலே எத்தனை மாடி எழுப்பி எத்தனை அலகாக வெட்டினாலும் எல்லா அலகிலும் அதே ஓட்டை. யுத்த காலத்தில் உறுதிகள் எரிந்தும் தொலைந்தும் போன ஊர் இது. பதிவகத்தில் தேடி, குறைந்தது முப்பது வருடத்து உரித்துச் சங்கிலியைப் பார்க்காமல் நான் எவருக்கும் கையெழுத்துப் போடச் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்துக்கு இன்னும் பின்னால் போவது நல்லது.

சித்தப்பாவின் குடியுரிமை அடுத்த விஷயம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம், வெளிநாட்டவருக்கு இலங்கையில் காணி உரித்து மாற்றுவதைத் தடுக்கிறது. கனேடியக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், பிறந்தது உரும்பிராயாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. கூட்டாதனக் கட்டடத்தில் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ இருக்கும் அலகை வெளிநாட்டவர் வாங்கலாம். முழுத் தொகையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக, உறுதி முடிக்க முன்னரே வந்திருக்க வேண்டும். தவணை கட்டி வாங்கும் கதை அவருக்குச் சரிவராது. வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்புவதும் சரிவராது. வெளிநாட்டுப் பணத்தை முதலீட்டுக்காகக் கொண்டுவரும் வங்கிக் கணக்கான உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து அதன் வழியாகக் கொண்டுவந்தால், பிறகு விற்கும்போது பணத்தை வெளியே எடுக்கவும் இலகு.

யாழ்ப்பாணத்தில் நான்கு மாடிக்கு மேல் போகும் கட்டடங்கள் குறைவு. தரகர் காட்டும் கட்டடம் எத்தனை மாடிக்கு மாநகர சபையின் அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாம் மாடி வீட்டைக் காட்டி "வெளிநாட்டவரும் வாங்கலாம்" என்று சொன்னால் அது பிழை. தரைத் தளத்தையும் மாடியாக எண்ணிக் கணக்கைக் கூட்டிக் காட்டுவார்கள், அதிலும் கவனம் வேண்டும். சித்தப்பா இரட்டைக் குடியுரிமை எடுத்தால் இந்தத் தடை அவருக்கு இல்லை. எந்த மாடியும் வாங்கலாம், வெறும் காணியும் வாங்கலாம். எடுக்கத் தகுதியுள்ளவர்கள் அதை முதலில் எடுத்துவிட்டு வாங்குவது நல்லது என்றே நான் எப்போதும் சொல்வேன். அவருடைய பிள்ளைகள் கனேடியராகவே இருந்தாலும், நெருங்கிய உறவினர் என்ற முறையில் முதுசமாகவோ நன்கொடையாகவோ சொத்து அவர்களுக்குப் போகச் சட்டம் இடம் விடுகிறது.

ஊரில் இருக்கும் தம்பி பேரிலோ மச்சான் பேரிலோ உறுதியை முடித்து வைப்போம் என்ற யோசனை வரும். வேண்டாம். எழுதியவர் பேரில்தான் சொத்து. அவர் இறந்தால் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அன்போடு தொடங்கி நீதிமன்றத்தில் முடிந்த குடும்பங்களை இந்தத் தொழிலில் கண்டிருக்கிறேன். சித்தப்பா நேரில் வர முடியாவிட்டால், நம்பிக்கையான ஒருவருக்கு இந்த வீட்டை வாங்கும் வேலைக்கு மட்டும் என்று எல்லை போட்டு அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம், கொடுக்கலாம். எல்லாவற்றுக்குமான பொது அற்றோணி கொடுக்கத் தேவையில்லை.

சித்தி பேரில் வாங்க நினைத்தால் இதையும் கவனியுங்கள். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இது மாற வேண்டிய சட்டம் என்பது என் உறுதியான எண்ணம், ஆனால் இன்றைக்கு நடைமுறையில் இருப்பது அதுதான். கனடாவில் நிரந்தரமாகக் குடியேறிய ஒருவருக்குத் தேசவழமை பொருந்துமா என்பது அவரவர் வாழ்விட நிலையைப் பொறுத்தது. அதனால் யார் பேரில் முடிப்பது என்பதை முன்கூட்டியே சட்டத்தரணியோடு இருந்து பேசுங்கள்.

கடைசியாகத் தண்ணீரும் கழிவும். நியூயோர்க்கில் இவற்றை யாரும் யோசிப்பதில்லை, குழாய்க்குள் வருகிறது, குழாய்க்குள் போகிறது. யாழ்ப்பாணம் சுண்ணக்கல் நிலம். நிலத்தில் ஊறுவது எல்லாம் கிணற்றுக்கு வந்து சேரும். நகரத்துக்கு முழுமையான கழிவுநீர்க் குழாய் அமைப்பு கிடையாது. நூறு பேர் தங்கும் ஹோட்டலும் மேலே வீடுகளும் ஒரே வளவில் வந்தால், குளியலறை, சமையலறை, சலவை எல்லாக் கழிவும் எங்கே போகும்? சொந்தச் சுத்திகரிப்பு அமைப்பு இருக்கிறதா, அதை ஓட்டும் செலவு யார் தலையில்? தண்ணீர் கிணற்றிலிருந்தா, குழாய் வழியாகவா, பவுசரிலா? பக்கத்து வீடுகளின் கிணறு கெட்டுப்போனால் அவர்கள் வழக்குக்கு இழுப்பது முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தை. அதாவது சித்தப்பா உட்பட எல்லா உரிமையாளரையும். பளிங்குத் தரையைக் காட்டும் தரகர் இந்தக் குழியைக் காட்டமாட்டார், நீங்கள்தான் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு முற்பணம் கட்ட வேண்டாம். பழைய கட்டடங்களை இடிக்காமல் உயிரோடு வைத்திருக்க இது நல்ல வழி என்று நான் மனதார நம்புகிறேன். லண்டனில் 1873இல் திறந்து, 1935இல் மூடிக் கிடந்த செயின்ட் பாங்க்ராஸ் ரயில் ஹோட்டல், மேலே 67 வீடுகளோடு 2011இல் மறுபடி ஹோட்டலானது. எங்கள் நகரத்திலும் அப்படி ஒன்று ஒழுங்காக வந்தால் நானே சந்தோஷப்படுவேன். ஆனால் தரகரின் பேச்சைத் தவிர இன்னும் ஒரு காகிதமும் நீங்கள் பார்க்கவில்லை. காணியின் தாய் உறுதியும் பதிவகத் தேடல் அறிக்கையும், மாநகர சபை அங்கீகரித்த கட்டட வரைபடம், கூட்டாதன வரைபடத்தின் நகல் அல்லது வரைவு, அதில் பங்கு மதிப்புப் பட்டியல், ஹோட்டல் நடத்தப் போகிறவரோடு செய்த ஒப்பந்தம், மாதக் கட்டணம் எப்படிப் பிரிக்கப்படும் என்ற விதிகள். இவற்றைக் கேளுங்கள். ஹோட்டல் ஒப்பந்தத்தைக் காட்ட முடியாது, அது வியாபார இரகசியம் என்பார்கள். குறைந்தது அது எத்தனை வருடத்துக்கு, முறிந்தால் பெயர்ப் பலகை கழருமா, கழன்றால் மாதக் கட்டணம் குறையுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தருவதற்கு அவர்கள் தயங்கினால் சித்தப்பாவிடம் அதையே சொல்லிவிடுங்கள். தந்தால், எனக்கோ உங்களுக்குத் தெரிந்த வேறு நொத்தாரிசுக்கோ பிரதியைக் காட்டுங்கள். பங்கு மதிப்புப் பட்டியலில் ஹோட்டலின் எண் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். அது பாதியைத் தாண்டியிருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.